பண்பலை நிலையத்தின் தொழில்நுட்ப மாற்றத்துக்கு ஒப்புதல் பெறுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தமிழ் வானொலி நிலையமொன்று தன் அன்டெனாவை உயர்த்த விரும்பினாலும், ஒலிபரப்பியை வேறொரு மலைக்கு மாற்ற விரும்பினாலும், அலைவரிசையைச் சற்றே நகர்த்த விரும்பினாலும், எழுத்துப்பூர்வ ஒப்புதல் கைக்கு வரும்வரை கோபுரத்தில் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. மலேசியாவின் பினாங்கில் இத்தகைய கோப்புகளைத் தயாரிப்பதில் உதவி வருபவன் என்ற முறையில், இப்பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: எந்த ஆவணம் மாறுகிறது?

1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் ஒரு வானொலிக்கு இரண்டு வகையான அனுமதி தேவைப்படுகிறது. நிகழ்ச்சிகளை வழங்குவதற்கான உரிமம் ஒன்று. அலைக்கற்றையைப் பயன்படுத்துவதற்கான ஒதுக்கீடு மற்றொன்று. அலுவலக வழக்கில் அப்பரேட்டஸ் அசைன்மென்ட் எனப்படும் கருவி ஒதுக்கீட்டை, சைபர்ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் வழங்குகிறது. கருவி எங்கே இருக்கிறது, எந்த அலைவரிசையில், எவ்வளவு திறனில் இயங்குகிறது என்பவை அந்த ஒதுக்கீட்டோடு கட்டுண்டவை. தொழில்நுட்ப மாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆவணத்தைத்தான் தொடுகிறது. ஆகவே பழைய ஒதுக்கீட்டுத் தாளை எடுத்து மேசையில் விரித்து, கோபுரத்தில் உண்மையில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், புதிய மாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதை ஆணையத்திடம் தெரிவித்துச் சீராக்குவது நல்லது.

இரண்டாம் படி: கணக்கு

தொடக்கநிலையினர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே என்பதால், சற்று நின்று பார்ப்போம். ஒலிபரப்பியின் முகப்பில் எழுதியிருக்கும் வாட் அளவை அப்படியே விண்ணப்பத்தில் எழுதக் கூடாது. ஆணையத்துக்குத் தேவை, அன்டெனாவின் குவிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் பயனுறு கதிர்வீச்சுத் திறன், அதாவது இ.ஆர்.பி. எல்லாவற்றையும் டெசிபலில் எழுதிக்கொண்டு, ஒலிபரப்பியின் திறனில் கேபிளின் இழப்பைக் கழித்து, அன்டெனாவின் ஈட்டத்தை, அதாவது அது அலையைக் குவித்து அனுப்பும் அளவைக் கூட்டினால் அது கிடைக்கும். டெசிபல் என்பது விகிதத்தைச் சொல்லும் அலகு; 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 3 டெசிபல் என்றால் ஏறத்தாழ இரு மடங்கு.

ஓர் எடுத்துக்காட்டு: 500 வாட் ஒலிபரப்பி என்பது, ஒரு வாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவில், 27 டெசிபல்வாட். 60 மீட்டர் உயரத்தில் இருக்கும் அன்டெனாவுக்குச் செல்லும் கேபிளில் 1.5 டெசிபல் இழப்பு. அன்டெனாவின் ஈட்டம், இருமுனை அன்டெனாவோடு ஒப்பிட, 4.5 டெசிபல். கூட்டிக் கழித்தால் 30 டெசிபல்வாட், அதாவது 1,000 வாட். இப்போது அதே அன்டெனாவை 100 மீட்டருக்கு உயர்த்துகிறீர்கள். கேபிள் நீள்வதால் இழப்பு 2.5 டெசிபல் ஆகிறது, இ.ஆர்.பி. 29 டெசிபல்வாட்டுக்கு, ஏறத்தாழ 794 வாட்டுக்குக் குறைகிறது. திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் ஒலி மேலும் தொலைவு செல்லும். உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்கும்வரை அலை நேராக எட்டும் தொலைவு, கிலோமீட்டரில் கிடைக்கும். சமதரையில் 60 மீட்டருக்கு அது 32 கிலோமீட்டர், 100 மீட்டருக்கு 41 கிலோமீட்டர். மாறாக, உயரத்தைத் தொடாமல் திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல்தான். எனவே, பணம் இருக்கிறதே என்று பெரிய ஒலிபரப்பி வாங்கத் துடிக்கும் நிர்வாகக் குழுவிடம் இந்தக் கணக்கை முதலில் காட்டுங்கள்.

மூன்றாம் படி: யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காமல் போகும்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஸ்டீரியோ ஒலிபரப்புக்குத் தேவையான புலச்செறிவு, அதாவது ஓரிடத்தில் வந்துசேரும் அலையின் வலிமை, மீட்டருக்கு நாட்டுப்புறத்தில் 54, நகரத்தில் 66, பெருநகரத்தில் 74 டெசிபல் மைக்ரோவோல்ட். இந்த அளவு தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. நம் பாட்டியின் வானொலிப் பெட்டியோ சமையலறை அலமாரியில், சுவருக்குள், இடுப்பு உயரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் எல்லைக்குள் இருக்கும் வீட்டில் இரைச்சல் மட்டுமே கேட்பதற்கு இது முக்கியமான காரணம். பினாங்கில் மலையும் சேர்ந்துகொள்கிறது. ஜார்ஜ் டவுனில் தெளிவாகக் கேட்கும் ஒலி, பினாங்கு மலைத்தொடருக்கு அந்தப்புறம் உள்ள பாலிக் பூலாவில் நிழலில் விழுந்துவிடக்கூடும். ஆகவே கணினி வரைபடத்தோடு நிற்காமல், அளவுமானியோடு காரில் ஆயர் ஈத்தாம், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று நேரில் சென்று அளந்து, இடம், நேரம், அளவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் அருகே ஒரு பழைய தோட்டக் குடியிருப்பில் ஒரு பாட்டி தம் வானொலிப் பெட்டியை எனக்குக் காட்டினார். முள் நிற்க வேண்டிய இடத்தில் கண்ணாடிமீது சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தார். “தம்பி, முள்ள அதே இடத்துலதான் வச்சிருக்கேன். பாட்டுதான் வரல,” என்றார். நிலையத்தின் அலைவரிசை மாறி மூன்று வாரமாகியிருந்தது. மலாய் அல்லது சீன நேயர் ஒரு நிலையத்தை இழந்தால் அடுத்ததற்குத் திருப்பிக்கொள்ளலாம். மின்னல், ராகா என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய தமிழ் நிலையங்களில் ஒன்றை இழப்பவருக்கு அந்த வசதி இல்லை. இந்த உண்மையை விண்ணப்பத்தில் எழுதுங்கள்; ஆனால் மொழிப்பற்றாக எழுதாமல் கணக்காக எழுதுங்கள். இன்னின்ன ஊர்கள் புதிதாகச் சேர்கின்றன, இன்னின்ன குடியிருப்புகள் விடுபடுகின்றன, விடுபடுவோருக்கு இந்த மாற்று ஏற்பாடு என்று அடுக்கினால், கோப்பைப் படிக்கும் பொறியாளரால் அதை எடைபோட முடியும்.

நான்காம் படி: அண்டை அலைவரிசைகள்

அதே அலைவரிசையில் வேறொரு நிலையம் இருந்தால், நிலையான குறுக்கீட்டுக்கு எதிராக ஸ்டீரியோ ஒலி 45 டெசிபல் மேலோங்கி நிற்க வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருந்தால் 33, 200 தள்ளி இருந்தால் 7 போதும். வடக்கே தாய்லாந்து எல்லையும், ஜொகூரில் சிங்கப்பூரும் அருகில் இருப்பதால், எல்லைதாண்டிய ஒருங்கிணைப்புக்குக் கூடுதல் காலம் ஒதுக்குங்கள். வானூர்தி வழிகாட்டும் கருவிகள் 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்குகின்றன. 107.0, 104.9 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு வலுவான ஒலிகள் வானூர்தியின் வாங்கியில் கலந்தால், முதலாவதன் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வரும் 109.1இல் ஒரு போலி அலை பிறக்கலாம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை அருகில் வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கோபுரம் உயர்வதாக இருந்தால் சிவில் வானூர்தி ஆணையத்தையும் ஊராட்சி மன்றத்தையும் தனியே அணுக வேண்டும்.

ஐந்தாம் படி: கோப்பும் ஒலிபரப்பும்

பழைய அளவும் புதிய அளவும் அருகருகே உள்ள ஒரே பக்க அட்டவணை, வரைபடங்கள், கள அளவீடுகள், கருவியின் தரச்சான்று ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள். ஒப்புதல் வந்து, கருவியைப் பொருத்தியபின், முன்பு அளந்த அதே இடங்களில் மீண்டும் அளந்து, பழைய தாளோடு சேர்த்து வையுங்கள். அலைவரிசை மாறுகிறது என்றால், இரண்டிலும் சில வாரம் ஒரே நேரத்தில் ஒலிபரப்ப அனுமதி வேண்டும் என்று அதே விண்ணப்பத்திலேயே கேளுங்கள். அந்த நாள்களில் காலைச் செய்திக்கு முன்னும் பின்னும் புதிய எண்ணை அறிவியுங்கள். கோயில் அறிவிப்புப் பலகைகளிலும் மளிகைக் கடைகளிலும் அதைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். முதியவர்கள் தனித்திருக்கும் குடியிருப்புகளுக்கு ஆளனுப்பி, பெட்டியில் முள்ளைப் புதிய இடத்துக்கு நகர்த்திக் கொடுங்கள்.