ஃப்ளாப் கிழிஞ்சா கிழியட்டும்: போர்டு புக் விஷயத்துல நாம பண்ற தப்புங்க

எங்க அஸ்தம்பட்டி வீட்டுல ஒரு போர்டு புக்கு, அதாவது கெட்டி அட்டையில வர்ற கொழந்தைங்க புக்கு இருக்கு, ஃப்ளாப்புன்னு சொல்ற தூக்கிப் பாக்கற மடிப்புதான் அதுல தொழுவத்துக் கதவு, அதைத் தொறந்தா உள்ள மாடு தெரியணும், இப்ப கதவே இல்ல, மாடு மட்டும் நிக்குது. பாப்பா ஒன்றரை வயசுல பிச்சது. காசு போட்டு வாங்கினதாச்சேன்னு புக்கப் புடுங்கி பீரோ மேல வெச்சுட்டேன், அதான் நான் பண்ண மொதல் தப்பு. ஒரு மாசம் கழிச்சு எடுத்துக் குடுத்தா அவ திரும்பிக்கூட பாக்கல.

அந்த வயசுல மெதுவா தூக்குன்னு சொன்னா புரியும், ஆனா கை கேக்காதுங்க. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்துப் புடிக்கிறதே 1 வயசு வாக்குலதான் படியுது, ஃப்ளாப்பத் தூக்கறதே அதுக்கு ஒரு பழக்கம்தான். கிழிஞ்சா ரெண்டு பக்கமும் டேப் ஒட்டித் திருப்பிக் குடுத்துடுங்க, தனியா பிஞ்சு வந்த துண்டை மட்டும் வாய்க்குப் போறதுக்குள்ள எடுத்துடணும். சின்னதுங்களுக்கு துணி ஃப்ளாப்பு, தடவிப் பாக்கற புக்கு போதும். விரிச்சா எந்திரிச்சு நிக்கற பாப்-அப் எல்லாம் 3 வயசுக்கு மேல வாங்கிக்கலாம், அதுக்கு முன்னாடி வாங்கறது நமக்குத்தான்.

பட்டனை அமுக்குனா மாடு கத்தற புக்கு விஷயத்துல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். உள்ள சட்டை பட்டன் மாதிரி பேட்டரி இருக்கும். முழுங்கி உணவுக்குழாய்ல மாட்டிக்கிச்சுன்னா எச்சில் பட்டு கரண்ட் ஓடி, அங்க காஸ்டிக் சோடா மாதிரி காரம் உண்டாகி சதையவே அரிச்சுடும், 2 மணி நேரம் போதும். சத்தம் வரலன்னு தூக்கிப் போட்ட பழைய பேட்டரிக்கும் அந்த வேலைய செய்யத் தெம்பு இருக்கும். மூடியில ஸ்க்ரூ இல்லாத புக்க வாங்கவே வாங்காதீங்க, ஸ்க்ரூ லூசா இருக்கான்னும் அப்பப்ப பாருங்க. முழுங்கிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே ஜிஹெச்சோ பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரியோ உடனே ஓடுங்க, எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். வாந்தி எடுக்க வைக்கறது, வாழைப்பழம் குடுத்துப் பாக்கறது எதுவும் வேணாம், கொழந்தை சிரிச்சுட்டு இருந்தாலும் சரி.

அப்பறம் இந்தப் பரீட்சை. விருந்தாளி வந்தா போதும், இதென்ன சொல்லு, அதென்ன சொல்லுன்னு ஆரம்பிச்சுடுவோம். மாடு எங்க போவுதுன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்க, அது பாட்டுக்கு ஏதாச்சும் சொல்லும். இங்கிலீஷ்ல இருக்கறத அப்படியே ஒப்பிக்கணும்னும் இல்ல. ஏற்காட்டுல என் தங்கச்சி ஸ்னோ படத்தைக் காட்டி பனின்னு சொல்லிருக்கா, பையன் ஜன்னலுக்கு ஓடி வெளிய மூடியிருந்த பனியக் காட்டிருக்கான். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியல, ஃப்ரிட்ஜுல இருந்து ஐஸ் எடுத்து கையில குடுத்துருக்கா, அன்னிக்கு முழுக்க புக்குல அந்தப் பக்கம்தானாம்.

மலைல இன்னொரு தொல்லை, மழைக்காலத்துல அட்டை ஈரம் வாங்கி உப்பிடும். பூஞ்சணம் புடிச்சதை வாய்ல வைக்கற கொழந்தைகிட்ட குடுக்காதீங்க. தட்டுவடை செட்டு சாப்பிட்ட கையோட புரட்டுனா லேசான ஈரத்துணில தொடச்சு, விரிச்சாப்புல ஃபேனுக்கு கீழ நிக்க வைங்க. எங்க அத்தை ஒண்ணைக் குழாயடியில கழுவிட்டாங்க, அட்டை அப்பளம் அப்பளமா உரிஞ்சு வந்துச்சு.