என்கிரிப்ட் செய்த விஎம்மில் மெமரி ஃபால்ட்: ரன் லூப்பைச் சரிசெய்வது எப்படி?

லினக்ஸ் கெர்னலில் உள்ள மெய்நிகர் கணினி (விஎம்) வசதியான கேவிஎம்-ஐ வைத்து நீங்களே எழுதிய சின்ன ஹைப்பர்வைசரில் (விஎம்களை ஓட்டும் புரோகிராம்) சாதாரண கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) நன்றாக ஓடுகிறது. அதையே என்கிரிப்ட் செய்த கெஸ்ட்டாக மாற்றினால், பூட் ஆகும்போதே "பேட் அட்ரஸ்" என்று நின்றுவிடுகிறது. உடனே ஹார்டுவேரைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் கெஸ்ட் கேட்கும் ஒரு கேள்வியைத்தான் உங்கள் ரன் லூப் (கெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடும் லூப்) பிழை என்று தூக்கிப் போடுகிறது.

லினக்ஸ் கெர்னல் 6.8 (2024 மார்ச்) முதல், கெஸ்ட்டின் பிரைவேட் மெமரியை வைக்கும் 'கெஸ்ட் மெம்எஃப்டி' என்ற ஃபைல் வசதி இருக்கிறது. என்கிரிப்ட் செய்த கெஸ்ட்டுகளில் ஏஎம்டி எஸ்இவி-எஸ்என்பி வகையை ஓட்ட 6.11-ம், இன்டெல் டிடிஎக்ஸ் கெஸ்ட்டுக்கு 6.16-ம் தேவை.

கேள்வி என்ன?

இந்த விஎம்களில் ஒரே கெஸ்ட் முகவரிக்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டு. பிரைவேட் பக்கம் (கெஸ்ட்டுக்கு மட்டும் உரியது) கெஸ்ட் மெம்எஃப்டியில் இருக்கும். ஷேர்டு பக்கம் (உங்கள் புரோகிராமும் பார்க்கக்கூடியது) நீங்கள் எம்மேப் செய்த சாதாரண மெமரி. இப்போது எது நடப்பில் இருக்கிறது என்பதை 'மெமரி அட்ரிபியூட்' சொல்கிறது. கெஸ்ட் எதை எதிர்பார்க்கிறது என்பது ஏஎம்டியில் பேஜ் டேபிளின் சி-பிட்டிலும், இன்டெலில் முகவரியின் ஷேர்டு பிட்டிலும் தெரியும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கேவிஎம் தானாக முடிவெடுக்காது. கெஸ்ட்டை நிறுத்தி உங்கள் புரோகிராமுக்குத் திரும்பும் (இதுதான் எக்ஸிட்); காரணம் 'மெமரி ஃபால்ட்' என்று சொல்லி முடிவை உங்களிடம் விட்டுவிடும்.

படி 1: ஸ்லாட்

'மெமரி ஃபால்ட் இன்ஃபோ' என்ற கேப்பபிலிட்டி (கேவிஎம் தரும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லாட்டை (கெஸ்ட் முகவரிகளின் ஒரு பகுதியை மெமரியோடு இணைக்கும் பதிவு) பழைய அழைப்பில் அல்ல, 'செட் யூசர் மெமரி ரீஜன் 2' வழியாக, கெஸ்ட் மெம்எஃப்டி ஃபிளாகோடு பதியுங்கள்.

படி 2: லூப்

பக் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். மற்ற எக்ஸிட்கள் 0 திருப்பித் தரும். மெமரி ஃபால்ட் எக்ஸிட் மட்டும் -1 தரும்; எர்னோ (பிழை எண்) 'இ-ஃபால்ட்' (அதாவது "பேட் அட்ரஸ்") அல்லது 'இ-ஹெச்டபிள்யூ-பாய்சன்'. "-1 வந்தால் வெளியேறு" என்று எழுதிய லூப் எக்ஸிட் காரணத்தைப் பார்க்கவே பார்க்காது. இப்படி மாற்றுங்கள்:

முடிவு = ரன்()
முடிவு -1 என்றால்:
  எர்னோ இ-இன்டர் (சிக்னல் குறுக்கிட்டது) → மறுபடி ரன்
  எர்னோ இ-ஃபால்ட், காரணமும் மெமரி ஃபால்ட் → படி 3
  வேறு எதுவானாலும் → லாக் எழுதி நிறுத்து

வேறு எர்னோ வந்தால் எக்ஸிட் காரணத்தை நம்பாதீர்கள். அதில் முந்தைய எக்ஸிட்டின் மதிப்பே மிச்சமிருக்கலாம். பாய்சன் வந்தால் அது மெமரி பழுது. அங்கே பக்கத்தை மாற்றிப் பயனில்லை.

படி 3: மாற்றம்

ஃபிளாக், ஜிபிஏ (கெஸ்ட் முகவரி), சைஸ் என்று மூன்று புலங்கள் கிடைக்கும். ஃபிளாகில் 3-ஆம் பிட் (மதிப்பு 8) இருந்தால் கெஸ்ட் பிரைவேட் கேட்கிறது, இல்லையென்றால் ஷேர்டு. அதற்கேற்ப அட்ரிபியூட்டை அமையுங்கள். பிறகு பழைய இருப்பிடத்தைக் காலி செய்யுங்கள்: ஷேர்டுக்குப் போனால் மெம்எஃப்டியில் 'பஞ்ச் ஹோல்', பிரைவேட்டுக்குப் போனால் ஷேர்டு பக்கத்தில் 'எம்அட்வைஸ்'. இதை விட்டால் ஒரே பக்கத்துக்கு இரட்டை மெமரி செலவாகும்.

பஞ்ச் ஹோலுக்குக் கொடுக்கும் ஆஃப்செட்டில் (பக்கம் ஃபைலில் இருக்கும் இடம்) கவனம் தேவை. எக்ஸ்86-ல் ரேம் வழக்கமாக 4 ஜிபிக்குக் கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு. கீழ்த்துண்டு 3 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒரே மெம்எஃப்டியில் அடுத்தடுத்து வைத்திருந்தால், 4 ஜிபியில் தொடங்கும் மேல்துண்டு ஃபைலில் 3 ஜிபியில் தொடங்கும். ஜிபிஏ 4 ஜிபி + 64 கேபி என்றால் ஆஃப்செட் 3 ஜிபி + 64 கேபி. ஜிபிஏவையே ஆஃப்செட்டாகக் கொடுத்தால் கெஸ்ட்டின் வேறு பக்கம் சத்தமில்லாமல் அழியும். காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

படி 4: மறுக்க வேண்டிய இடங்கள்

படி 3-ல் எதையும் மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள். ஜிபிஏ எந்த ஸ்லாட்டிலும் இல்லை, அல்லது மெம்எஃப்டி இல்லாத ஸ்லாட்டில் பிரைவேட் கேட்கிறது என்றால் விஎம்மை நிறுத்துங்கள். அட்ரிபியூட் ஏற்கெனவே கேட்டபடியே இருந்தால், இன்னொரு விசிபியு (கெஸ்ட்டின் மெய்நிகர் சிபியு) முந்திக்கொண்டிருக்கலாம். எதையும் காலி செய்யாமல் மறுபடி ரன் செய்யுங்கள். அதே விசிபியு அதே ஜிபிஏவில் திரும்பத் திரும்ப வந்தால் முடிவில்லா லூப்தான், அங்கே வரம்பு வையுங்கள்.

சோதனை

சிறப்பு ஹார்டுவேர் இல்லையா? கெர்னல் கான்ஃபிகில் 'எஸ்டபிள்யூ புரொடெக்டெட் விஎம்'-ஐ இயக்கி, அந்த வகையில் ஒரு விஎம் உருவாக்குங்கள். இதில் என்கிரிப்ஷன் கிடையாது, சோதனைக்கு மட்டும்தான். மெம்எஃப்டி இல்லாத ஸ்லாட்டில் ஒரு பக்கத்தைப் பிரைவேட் என்று குறித்து, கெஸ்ட்டை அதைத் தொட வையுங்கள். -1, இ-ஃபால்ட், ஃபிளாக் 8 என்று வரவேண்டும். உங்கள் லூப் படி 4-க்குப் போய், லாகில் ஜிபிஏவை எழுதிவிட்டு நிற்க வேண்டும்.