புதிய மொழி வசதிகள்: கருத்துச் சொல்லும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலாக்க மொழியில் ஒரு புது வசதி வந்ததும், அது பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ரஸ்ட் மொழியில், ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் 'அவெய்ட்' என்பதைப் புள்ளி வைத்துப் பின்னால் எழுத வேண்டும் என்று முடிவானபோது, கண்ணை உறுத்துகிறது என்று எதிர்த்தவர்கள் நிறையப் பேர். 2019 நவம்பரில் 1.39 பதிப்பில் அது அப்படியேதான் வந்தது. பிழை வந்தால் அங்கேயே திரும்பச் சொல்லும் கேள்விக்குறியோடு சேர்த்து நாலைந்து அழைப்புகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் காரணம் புரியும்: முன்னால் போட்டிருந்தால் அடைப்புக்குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போயிருக்கும்.

இதைவிட ஆபத்தானது, 'இது தெரிந்ததுதானே' என்று நினைப்பது. பைத்தான் 3.10-இல் (2021) வந்த 'மேட்ச்' பார்ப்பதற்கு, மதிப்புக்கு ஏற்ப ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்கும் சி மொழியின் 'ஸ்விட்ச்' மாதிரியே இருக்கும். 'நாட்_ஃபவுண்ட்' என்ற மாறியில் 404 இருக்கிறது என்று வையுங்கள். 'கேஸ் நாட்_ஃபவுண்ட்' என்று எழுதினால் 404-ஓடு ஒப்பிடும் என்றுதானே தோன்றும்? ஒப்பிடாது. சோதிக்க வந்த மதிப்பு 200 என்றாலும் அந்தக் கிளை ஓடும். போதாததற்கு மாறியின் மதிப்பும் 200 ஆகிவிடும். அதற்குக் கீழே வேறு கேஸ் இருந்தால் பைத்தானே பிழை காட்டும். அதுவே கடைசி என்றால் சத்தமே வராது. அந்த மாறியை ஒரு கிளாஸுக்குள்ளோ மாட்யூலுக்குள்ளோ வைத்து, அதன் பெயரோடு புள்ளி வைத்து எழுதினால்தான் ஒப்பீடு நடக்கும். இதைக் காட்டி ஒருவர் குறை சொன்னால் நியாயம். 'இஃப்-எல்ஸ் போதாதா?' என்று கேட்பவர், பட்டியலையும் டிக்‌ஷனரியையும் உள்ளமைப்பு பார்த்துப் பிரிக்கிற அதன் முக்கிய வேலையைத் தொடவே இல்லை.

'நான் பயன்படுத்தப் போவதில்லை, எனக்கென்ன?' என்பதும் சரிவராது. அடுத்தவர் எழுதியதை நாளைக்கு நீங்கள்தான் படித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

அப்புறம், முன்னோட்ட நிலையில் இருப்பதை நம்பி உற்பத்தி நிரலில் இறங்காதீர்கள். ஜாவா 21-லும் 22-லும் முன்னோட்டமாக வந்த, உரைக்கு நடுவே மதிப்புகளைப் பொருத்தும் ஸ்டிரிங் டெம்ப்ளேட்ஸ், 23-இல் எடுக்கப்பட்டுவிட்டது.

எதிர்ப்பே சொல்லக்கூடாது என்பதில்லை. பிழை கையாளுவதைச் சுருக்க கோ மொழிக்கு 2019-இல் 'ட்ரை' என்ற முன்மொழிவு வந்தது. ஒரு எக்ஸ்பிரஷனின் நடுவிலேயே ஃபங்ஷன் முடிந்து திரும்பிவிடும், படிப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும் என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். அந்த ஆண்டு ஜூலையிலேயே அது கைவிடப்பட்டது. 'பிடிக்கவில்லை' என்று மட்டும் எழுதாமல், உங்கள் நிரலிலிருந்து பத்து வரியை எடுத்துப் பழைய முறையிலும் புது முறையிலும் எழுதிக் காட்டுங்கள். அதற்கு முன் முன்மொழிவில் நிராகரிக்கப்பட்ட மாற்று யோசனைகளின் பகுதியையும் படித்துவிடுங்கள். நீங்கள் சொல்லப் போகும் யோசனைக்கு அங்கேயே பதில் இருக்கலாம்.