ஃபேஷன் படிப்புக்கு உதவித்தொகை: ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கிறதா?

ஃபேஷன் டிசைன் என்றாலே பணக்காரப் பிள்ளைகளின் படிப்பு என்ற எண்ணம் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்னும் போகவில்லை. உண்மையில் ஐடிஐயில் தையல் தொழில்நுட்பம் படித்தாலும் உதவித்தொகை உண்டு.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குத் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான், அதனால் சேர்ந்த வாரமே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சென்னை தரமணியில் உள்ள நிஃப்ட்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) இடம் கிடைத்தால், வருமானத்தைப் பொறுத்து அங்கேயே கட்டண உதவி கேட்கலாம். ஆனால் அதன் நுழைவுத் தேர்வுக்குப் பொதுத்தேர்வுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், பணம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கு. கேஒய்சி (வங்கியின் அடையாளச் சரிபார்ப்பு) முடித்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் நேரடியாக வர, ஆதார் எண் அந்தக் கணக்கோடு என்பிசிஐ (தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) பதிவில் இணைந்திருக்க வேண்டும். இந்த இணைப்புக்குப் பெயர் ஆதார் சீடிங், நேரடிப் பணத்துக்குப் பெயர் டிபிடி; "டிபிடிக்காக ஆதார் சீடிங் செய்யுங்கள்" என்று வங்கியில் தெளிவாகக் கேளுங்கள். கணக்கு மாணவர் பெயரில் இருக்கட்டும், அப்பா பெயரில் வேண்டாம். மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் மே மாதமே வாங்கி வைத்தால், சேர்க்கை நேரத்துக் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை.