ஏஐ காட்டிய பழைய தீர்ப்பைப் பிடித்தது எப்படி: என் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜூனியர் வக்கீலாக இருக்கிறேன். பண்ருட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் பூர்வீக நிலத்தில் பாகம் கேட்டு வந்தார். அவருடைய அப்பா 2001-லேயே தவறிவிட்டார். ஏஐ செயலியில் கேட்டால், 2015-இல் வந்த 'பிரகாஷ் எதிர் பூலாவதி' தீர்ப்பைக் காட்டி, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மத்தியத் திருத்தம் அமலுக்கு வந்த 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்றது.

அது உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான். ஆனால் இப்போது செல்லாது. ஒரு பெண்ணின் நிலமே இதனால் கைவிட்டுப் போயிருக்கும்.

அதனால் கேட்கும் முறையை மாற்றினேன். முடிவைக் கேட்காமல், தீர்ப்புகளின் பெயர்களை மட்டும் கேட்டேன். அப்புறம் ஒவ்வொரு பெயரையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் இ-எஸ்சிஆர் தளத்தில் தேடுசொல்லாகப் போட்டு, பின்னால் வந்த தீர்ப்புகள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன, எத்தனை நீதிபதிகள் அமர்ந்தார்கள் என்று படித்தேன். பூலாவதி இருவர் அமர்வு. 2020-இல் 'வினீதா சர்மா' வழக்கில் மூவர் அமர்வு அதை ரத்து செய்திருக்கிறது: மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் 1986-இல். 25.3.1989-க்கு முன் மணமான மகள்களை அதே சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம் விலக்கியது. 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. இதையும் செயலி சொல்லவில்லை.

இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்திருந்தால், 2005 திருத்தம் அதைத் தொடாது. அதனால் அந்தத் தேதிக்கு முன் பதிவான பாகப்பத்திரம் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். இல்லை. சரி, பிராது எழுதிவிடலாம் என்றார் சீனியர்.