ஓசூர் குளிரில் வீட்டுக்குள் எலுமிச்சை: எந்த விளக்கு வாங்கலாம்?

மொட்டைமாடி இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. நம் பக்கம் டிசம்பரிலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அந்த வெயிலே போதும். ஓசூர் அடுக்குமாடியில் வடக்குப் பார்த்த பால்கனி மட்டும் உள்ளவர்களுக்குத்தான் சிக்கல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் அங்கே நேர் வெயில் விழாது.

1. விளக்கு. 50 வாட் வெள்ளை எல்இடி ஃபிளட் லைட், 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெண்மை). எலக்ட்ரிகல் கடையிலேயே கிடைக்கும். பெட்டியில் வாட்டைவிட லூமனை (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) பாருங்கள். 5,000-க்குக் குறையக் கூடாது. ஊதா நிற 'குரோ லைட்' (செடி வளர்ப்பு விளக்கு) எனக்குப் பிடிக்காது. வீடே சீரியல் செட் போட்ட பந்தல் மாதிரி ஆகிவிடும், இலை மஞ்சளானாலும் தெரியாது. 9 வாட் பல்பு எலுமிச்சைக்குப் பத்தாது.

2. உயரம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கண்ணுக்கு அறை முழுக்க வெளிச்சமாகத் தெரியும், செடிக்கு அது இருட்டு. விளக்கை ஒரு அடியிலிருந்து இரண்டு அடிக்கு ஏற்றினால் வெளிச்சம் பாதியாகாது, ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். செல்போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ். போனை உச்சி இலை மட்டத்தில், திரை விளக்கைப் பார்க்கும்படி பிடியுங்கள். 15,000 லக்ஸ் காட்டும் வரை விளக்கை இறக்குங்கள். பெரும்பாலும் ஒரு அடியில் வந்து நிற்கும். சரி, இலை கருகுமா? உச்சி இலை மட்டத்தில் கையை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். சூடு பொறுக்க முடியாவிட்டால் கொஞ்சம் ஏற்றுங்கள். செடி வளர வளர மறுபடி அளக்க வேண்டும்.

3. நேரம். தினமும் 12 மணி நேரம். டைமர் போட்டுவிடுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். இரவு முழுக்க எரிய விடாதீர்கள். மாதம் 18 யூனிட் ஆகும்.

பின்சேர்க்கை: "விளக்கு போட்டும் இலை கொட்டுகிறது" என்று சிலர் கேட்டார்கள். தொட்டி வெறும் டைல்ஸ் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். டைல்ஸின் குளிர் தொட்டி மண்ணுக்கும் ஏறும். மண் சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் எலுமிச்சை வேர் வேலை செய்வது மிகவும் குறைந்துவிடும். மேலே வெளிச்சம் பட்டு இலை தண்ணீர் கேட்கும், கீழே வேரால் கொடுக்க முடியாது. தொட்டிக்கு அடியில் ஒரு மரப்பலகை வையுங்கள். அப்புறம், மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் காலை வேளையில்.