டவுன் சிண்ட்ரோம் குழந்தையின் மஜ்ஜை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால், குரோமோசோம் கணக்கை 47-இலிருந்து தொடங்குங்கள்; 21-ஆம் குரோமோசோம் ஒன்று பிறவியிலேயே கூடுதலாக இருக்கும். மற்றவர்களுக்குரிய 46-ஐ மனத்தில் வைத்துப் படித்தால், பிறவியிலேயே இருப்பதும் புற்று கொண்டுவந்ததும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

முதலில் மாதிரி. ஊசியில் வரும் முதல் இழுப்பிலிருந்து 1–2 மி.லி. மஜ்ஜையைப் பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் விட்டு, உடனே மெதுவாகப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். கட்டியாக உறைந்துபோன மஜ்ஜையில் செல் வளராது. செல் பிரியும் நேரத்தில்தான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும். ஐஸில் வைக்காதீர்கள். கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். மெகாகாரியோபிளாஸ்ட் (தட்டணுக்களை உண்டாக்கும் செல்லின் இளம் வடிவம்) வகைப் புற்றில் மஜ்ஜை நார்கட்டி, ஊசிக்கு ஒன்றும் வராமல் போவதுண்டு. ரத்தத்தில் பிளாஸ்ட் (முதிராத ரத்தச் செல்) இருந்தால் அதையே அனுப்பலாம். படிவத்தில் 'டவுன் சிண்ட்ரோம்' என்று எழுத மறக்கவே கூடாது.

ரிப்போர்ட் இப்படி வரும்: 48,எக்ஸ்ஒய்,+21சி,+21[12]/47,எக்ஸ்ஒய்,+21சி[8]. 'சி' ஒட்டிய 21 பிறவியிலேயே உள்ளது. ஒட்டாதது புற்றுச் செல் பிறகு சேர்த்துக்கொண்டது. பார்த்த 20 செல்களில் 12-இல் அது இருக்கிறது. மீதி 8 இந்தக் குழந்தைக்கு இயல்பானவை. கூடுதல் குரோமோசோம் 2 செல்களிலாவது, இழப்பு என்றால் 3 செல்களிலாவது தெரிந்தால்தான் குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) என்று சொல்ல முடியும். எது பிறவி என்று சந்தேகம் வந்தால், நோய் அடங்கிய பிறகு எடுத்த மாதிரியோடு ஒப்பிடுங்கள்.

மரபணுவை ஒளிரும் புள்ளியாகக் காட்டும் ஃபிஷ் சோதனையில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். 21-ஆம் குரோமோசோமில் உள்ள ரன்எக்ஸ்1 மரபணுவுக்கு மூன்று புள்ளிகள் மின்னும். அது இந்தக் குழந்தையின் இயல்பு. அதை மட்டும் வைத்துப் புற்றின் மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள்.

லிம்போபிளாஸ்ட் (லிம்போசைட் என்னும் வெள்ளணுவின் இளம் செல்) வகைப் புற்றில் வெறும் 47,+21சி என்று வந்தாலும் தேடலை நிறுத்த வேண்டாம். இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சிஆர்எல்எஃப்2 மரபணு இடம்மாறியிருக்கும். அங்கே அறுபடும் துண்டு மிகச் சிறியது, குரோமோசோமைப் பட்டை பட்டையாகக் காட்டும் சாயத்தில் தெரியாது. அதற்கென்று தனி ஃபிஷ் கேட்டு வாங்குங்கள். கூடவே ஜேஏகே2 மரபணு மாற்றத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு வயதுக்குள் மைலாய்டு வகைப் புற்று (லிம்போசைட் அல்லாத ரத்தச் செல்களின் வழியில் வருவது; மெகாகாரியோபிளாஸ்ட் வகையும் இதில் சேரும்) வந்தால் எக்ஸ் குரோமோசோமிலுள்ள காட்டா1 மரபணுவை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். பிறந்த சில நாளில் ரத்தத்தில் பிளாஸ்ட் தெரிந்தால் அவசரப்பட்டு ரத்தப் புற்று என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் தானே மறையும் தற்காலிக நிலை அது. ஆனால் சிலருக்கு ஈரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். மறைந்தபின்னும் ஒரு பகுதியினருக்கு உண்மையான புற்று வருகிறது. அதனால் நான்கு வயதுவரை ரத்த அணு எண்ணிக்கையை விடாமல் பாருங்கள், முக்கியமாகத் தட்டணுக்களை.